ஆட்டு இதயத்தை அறுத்துப் பார்த்து இரத்த ஓட்டம் கற்பது எப்படி?

சிவப்பும் நீலமும் தீட்டிய படத்தை எத்தனை முறை வரைந்தாலும், இதயம் எப்படி வேலை செய்கிறது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் அந்தப் பாடம் வந்தால் நான் முதலில் போவது சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள கறிக்கடைக்குத்தான். ஆட்டு இதயத்துக்கும் நம்முடையதைப் போலவே நான்கு அறைகள், அதே வால்வுகள்.

கழுவித் தருவதற்காகக் கடைக்காரர் கீறிவிடுவார். குழாய்களையும் ஒட்ட நறுக்கிவிடுவார். "அண்ணே, பள்ளிக்கூடத்துக்கு. கீறாமல், குழாயோடு முழுதாக வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முதலில் பிதுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், அது இடது. தளர்வாக இருப்பது வலது. மேலே வெட்டுப்பட்ட பிறகும் வாய் மூடாமல் வட்டமாகத் திறந்து நிற்கும் தடித்த குழாய்தான் பெருந்தமனி. கத்தியை எடுக்க அவசரப்படாதீர்கள். இதயத்தை நிமிர்த்திப் பிடித்து, அந்தக் குழாய்க்குள் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். எட்டிப் பார்த்தால் மூன்று அரைச்சந்திர இதழ்கள் ஒன்றோடொன்று உரசி அடைத்திருப்பது தெரியும். வெளியே போன இரத்தம் திரும்பி வராமல் இருப்பது இதனால்தான். இதை ஒரு முறை கண்ணால் கண்ட பிள்ளைக்கு வால்வைப் பற்றி அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, இதழ்களுக்குச் சற்று மேலே பெருந்தமனியின் சுவரைத் தேடினால் இரண்டு சிறு துளைகள் அகப்படும். ஒன்றில் ஈர்க்குச்சியை மெதுவாக நுழையுங்கள். அது இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் கரோனரி தமனிக்குள் போகும். அறைகள் நிறைய இரத்தம் இருந்தும், இதயத் தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் இந்த இரு கிளைகளின் வழியாகத்தான் வருகிறது. மாரடைப்பு என்பது பெரும்பாலும் இந்தத் தமனிகளில் ஏற்படும் அடைப்பு.

இனி அறுக்கலாம். பிளேடு ஆசிரியர் கையிலோ பெற்றோர் கையிலோதான் இருக்க வேண்டும். இரு பக்கமும் மேலிருந்து நுனி வரை தனித்தனியாகக் கீறி, உறைந்த இரத்தத்தைக் கழுவிவிடுங்கள். இரண்டு வெண்ட்ரிக்கிள்களின் (கீழறைகளின்) சுவர்களையும் விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள்: இடது சுவர் வலதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். மனிதர்களில் அதற்குச் சுமார் 25 மி.மீ. பாதரச அழுத்தமே போதுமானது. இடதோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ள வேண்டும். அதற்கு 120 தேவை. உள்ளே வால்வின் விளிம்பிலிருந்து சுவருக்கு இழுத்துக் கட்டிய நரம்புபோன்ற இழைகள் பளபளக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் இழுத்த வெள்ளிக் கம்பி தோற்றுவிடும். வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது வால்வின் இதழ்கள் மேல்நோக்கிப் புரண்டுவிடாமல் பிடித்திருப்பவை இவைதாம்.

மனித இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர் தள்ளுகிறது. உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே அவ்வளவுதான். ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் இப்படிக் கணக்குப் போட்டுத்தான், இரத்தம் சுற்றி வந்தே ஆக வேண்டும் என்று நிறுவினார்.

அடுத்த வேலை நாடித் துடிப்பை எண்ணுவது. அதற்கு ஏற்காடு நல்ல இடம். ஏரிக்கரையில் சற்று நேரம் உட்கார்ந்து, மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல்களை வைத்து, 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். கட்டைவிரலால் எண்ணக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு உண்டு. பிறகு லேடீஸ் சீட் காட்சிமுனை வரை விறுவிறுவென்று ஏறி, நின்றவுடன் எண்ணுங்கள். பழைய எண்ணுக்கு இறங்கும் வரை நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து வாருங்கள். மூச்சு வாங்குபவர்களையும் இதயத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களையும் ஏறச் சொல்லாதீர்கள். அவர்கள் கரையில் உட்கார்ந்தபடியே எண்ணட்டும்.