பாய்லர் நின்றால் யாரைக் கூப்பிடுவது? இங்கிலாந்து கிராமத்துக்குப் புதிதாய் வந்தவர்களுக்கு

நார்ஃபோக்கில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் எங்கள் பாய்லர் நின்றுபோனது. கூகுளில் தேடி முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்தேன். வெகுதூரத்திலிருந்து ஒருவர் வேன் ஓட்டிக்கொண்டு வந்தார். கொல்லையில் இருந்த பச்சை பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்ததும், "இது ஆயில் பாய்லர், நான் கேஸ் ஆள்" என்றார். வந்துபோனதற்கான கட்டணத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார். அந்தத் தண்டச் செலவில் கற்றதுதான் கீழே இருப்பது.

முதல் படி: வீடு எதில் ஓடுகிறது?

இங்குள்ள பல கிராமங்களுக்குக் கேஸ் குழாய் வரவில்லை. கொல்லையில் பெரிய தொட்டி இருந்தால் பெரும்பாலும் அதில் இருப்பது மண்ணெண்ணெய். இங்கே 'ஹீட்டிங் ஆயில்' என்பார்கள். அதற்கு ஆஃப்டெக் (ஆயில் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு பெற்றவரைத் தேட வேண்டும். குழாய் கேஸோ எல்பிஜியோ என்றால் கேஸ் சேஃப் பதிவு. விறகு அடுப்பு என்றால் ஹெட்டாஸ் பதிவு. கழிவுநீர் எங்கே போகிறது என்றும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். செப்டிக் டேங்காக இருந்தால் அதைக் காலி செய்யும் டேங்கர்காரர் எண்ணும் வேண்டும்.

இரண்டாம் படி: காகிதத்தைத் தேடுங்கள்

கிராமத்து வேலைக்காரர்களில் பாதிப் பேருக்கு இணையதளமே கிடையாது. அவர்கள் இருப்பது 'பாரிஷ் மேகசின்' என்கிற சின்னப் புத்தகத்தில். பெரும்பாலும் சர்ச் சார்பில் வரும். பல ஊர்களில் தபால்பெட்டி வழியாக வீட்டுக்கே வந்து விழும். முன்பக்கங்களில் பூஜை நேரமும் கேக் விற்பனையும் இருக்கும். நமக்கு வேண்டியது பின்பக்கங்கள். புகைபோக்கி துடைப்பவர், மரம் வெட்டுபவர், பிளம்பர், பியானோ சுருதி சேர்ப்பவர் வரை கட்டம் கட்டி விளம்பரம் இருக்கும். பழைய இதழ் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். நாலைந்து வருடமாக அதே கட்டத்தில் அதே பெயர் இருந்தால், அந்த ஆள் ஊருக்குள் முகம் கொடுத்து நடமாடுகிறார் என்று அர்த்தம்.

புத்தகம் கிடைக்கவில்லையா? பாரிஷ் கவுன்சிலின் அறிவிப்புப் பலகை, தபால் நிலைய ஜன்னல், பப். பாரிஷ் கவுன்சில் என்பது 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த, நம் ஊராட்சி மாதிரியான அமைப்பு. அதன் எழுத்தரிடம் ஒரு வரி எழுதிக் கேட்டாலும் வழி சொல்லக்கூடும்.

மூன்றாம் படி: பெயரைச் சரிபாருங்கள்

பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார் என்பது ஆளைக் கண்டுபிடிக்கப் போதும். கேஸ் குழாயில் கைவைக்க விடப் போதாது. கேஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முன்புறம் படமும் உரிம எண்ணும் இருக்கும். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அட்டையைத் திருப்புங்கள். எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி உண்டு என்பது பின்புறம்தான் இருக்கிறது: அடுப்புக்குத் தகுதி இருந்து பாய்லருக்கு இல்லாமல் போகலாம். "நான் கோர்கி பதிவு" என்று யாராவது சொன்னால் உஷார். அது பழைய கேஸ் பதிவு, 2009-லேயே அந்த இடத்துக்குக் கேஸ் சேஃப் வந்துவிட்டது.

எலக்ட்ரீஷியனுக்கு நைசிக் (NICEIC) அல்லது நாபிட் (NAPIT) பதிவு. பழைய சோபாவை ஏற்றிப் போகிறேன் என்று வேன்காரர் வந்தால், சுற்றுச்சூழல் முகமையின் இணையப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாதவரிடம் கொடுத்து, அவர் அதை வயல் ஓரம் கொட்டிவிட்டுப் போனால் அபராதம் உங்களுக்கும் வரும்.

நான்காம் படி: போனில் பேசுவது

பகலில் கூரைமேல் இருப்பார்கள், சாயங்காலம் பேசுங்கள். கிராமத்து வீடுகள் பலவற்றுக்கு எண் கிடையாது, பெயர்தான். ஒரே போஸ்ட்கோடில் அரை மைலுக்குச் சிதறிய வீடுகள் இருக்கலாம். "சர்ச் தாண்டி இடப்பக்கம், நீலக் கதவு" என்று அடையாளம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், விலை. 'கோட்' (quote) என்றால் சொன்ன விலை. 'எஸ்டிமேட்' என்றால் உத்தேசம், ஏறலாம். எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பில்லில் 20 சதவீத வாட் வரி இல்லாவிட்டால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 90,000 பவுண்டுக்குள் இருந்தால் வாட் பதிவே கட்டாயமில்லை.

வந்ததும் டீ போட்டுக் கொடுங்கள். பால் உண்டு, இஞ்சி ஏலக்காய் வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆயில் வாங்குவது

பொதுவாக ஒரு தடவைக்குக் குறைந்தது 500 லிட்டர். பல ஊர்களில் எல்லோரும் சேர்ந்து ஒன்றாக ஆர்டர் போடும் குழு உண்டு. விலையும் கொஞ்சம் குறையும். குளிர் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். சந்து குறுகல் என்றால் முன்கூட்டியே சொல்லி, சின்ன டேங்கர் கேளுங்கள்.

எங்கள் பாய்லருக்கு என்ன ஆனது என்றால், இரண்டாவதாக வந்த உள்ளூர்க்காரர் கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. தொட்டியை முஷ்டியால் இரண்டு தட்டு தட்டினார். காலிப் பானை சத்தம்.