குழந்தைகளுக்குத் தராசில் நிறுக்கச் சொல்லித் தருவது எப்படி?

டிஜிட்டல் தராசை முதலில் எடுக்காதீர்கள். பொருளை வைத்ததுமே அது எண்ணைக் காட்டிவிடும்; அந்த எண் எப்படி வந்தது என்று குழந்தை யோசிக்க இடமே இருக்காது. இரண்டு தட்டுத் தராசில் எல்லாம் கண்ணெதிரே நடக்கும். அதையும் வீட்டிலேயே செய்தால் இன்னும் நல்லது.

30 செ.மீ. மரஸ்கேல், ஒரே மாதிரியான இரண்டு காகிதக் கப், நூல், ஒரு ஆணி போதும். தட்டையான தட்டை விட கப்தான் என் தேர்வு, கோலிக்குண்டு உருண்டு ஓடாது. 15 செ.மீ. கோட்டில் ஒரு துளை, 1 மற்றும் 29 செ.மீ. கோடுகளில் ஒவ்வொரு துளை. துளை போடுவது பெரியவர்கள் வேலை.

பலருக்கும் தராசு சொதப்புவது இந்தத் துளைகளில்தான். நடுத்துளை ஸ்கேலின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கட்டும். கப் தொங்கும் துளைகள் அதைவிடச் சில மில்லிமீட்டர் கீழே. இது தலைகீழானால், இரண்டு பக்கமும் சமமாக இருந்தாலும் ஸ்கேல் நடுவில் நிற்காது. ஏதாவது ஒரு பக்கம் குப்புறச் சாயும். ரொம்பவும் கீழே போட்டுவிட்டாலோ தராசு மந்தமாகிவிடும், ஒரு கிளிப்பைப் போட்டால் அசையக்கூட அசையாது. ஆணியை விடத் துளை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், உரசல் இருந்தால் தராசு பொய் சொல்லும்.

அப்புறம் காலி கப்களோடு தொங்கவிட்டுப் பாருங்கள். மேலே நிற்கும் பக்கத்தில் துளி களிமண்ணை ஒட்டிச் சமமாக்குங்கள். ஒவ்வொரு முறையும் நிறுக்கும் முன் குழந்தையே இதைச் சரிபார்க்கட்டும்.

கிராமுக்கு அவசரம் வேண்டாம். பெரிய காலி டப்பாவையும் சின்னக் கல்லையும் காட்டி, எது கீழே போகும் என்று கேளுங்கள். பெரியதுதான் கனம் என்று பெரும்பாலும் பதில் வரும். தராசே பதில் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். அடுத்து, ஒரு ரப்பர் எத்தனை கோலிக்குச் சமம் என்று எண்ணச் சொல்லுங்கள்.

இப்போது எடைக்கற்கள். 1, 2, 2, 5 கிராம் என நான்கு கல் இருந்தால் 1 முதல் 10 வரை எல்லாக் கிராமும் வந்துவிடும். அதைக் குழந்தையே கண்டுபிடிக்க விடுங்கள். பெரிய கல்லில் தொடங்கி, அதிகமானால் எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பதுதான் முறை. ஸ்கேல் ஆடி அடங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

பொருளையும் கற்களையும் பக்கம் மாற்றி வைத்தும் பாருங்கள். சமம் தவறினால் இரண்டு கையும் ஒரே நீளம் இல்லை என்று அர்த்தம். தராசைத் தூக்கிப் போட வேண்டாம். பொருளை ஒரு கப்பில் வையுங்கள், மறு கப்பில் மணலைக் கொட்டிச் சமமாக்குங்கள். பிறகு பொருளை எடுத்துவிட்டு அதே கப்பில் கற்களை வையுங்கள். மீண்டும் சமமானால் அந்தக் கற்களின் கூட்டுத்தொகைதான் பொருளின் நிறை. தராசு கோணலாக இருந்தாலும் விடை சரியாக வரும்.

பின்சேர்க்கை: எடைக்கல் இல்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஊசி இல்லாத மருந்து சிரிஞ்சும் தண்ணீரும் போதும், 1 மி.லி. தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம். காகிதக் கப் ஊறிப்போகும் என்பதால் தண்ணீரைச் சின்ன மூடியில் விடுங்கள். அதே போன்ற காலி மூடி ஒன்றை மறுபக்கமும் வைக்க வேண்டும்.