உவர் பூத்த ஏரியோரத்து வண்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரிகள் வற்றும்போது சில ஓரங்களில் மண் வெளுத்து உவர் பூக்கும். புல்கூட முளைக்காத அந்த இடத்தை ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று ஒதுக்குவதுதான் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. தரையில் ஓடிச் சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் புலி வண்டுகள் பலவற்றுக்கு நிழலில்லாத ஈரமண்தான் வேட்டைக்காடு. அவற்றின் புழு மண்ணில் செங்குத்தாக வளை தோண்டி, வாயிலைத் தலையால் மூடிபோல அடைத்துக் காத்திருக்கும். எறும்போ ஈயோ அருகில் வந்தால் கவ்வி உள்ளே இழுத்துவிடும். ஐரோப்பாவின் உப்புச் சேற்றில் வாழும் பிளீடியஸ் ஸ்பெக்டாபிலிஸ் என்ற வண்டு, வளையின் வாயைக் குறுகலாக வைத்து நீர் புகாமல் தடுக்கிறது. தாய் அங்கேயே இருந்து முட்டைகளைக் காக்கிறது.

ஆகவே வண்டு தேடிப் போகிறவர்கள் தண்ணீரில் மட்டும் வலை போட்டுத் துழாவிவிட்டுத் திரும்பக் கூடாது. ஈரமண்ணும் காய்ந்த மண்ணும் சந்திக்கும் விளிம்பில் உட்கார்ந்து சிறு துளைகளைப் பாருங்கள். அதன்மேல் பைக்கை ஓட்டாதீர்கள்.

இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து, வந்து விழுந்ததை எல்லாம் அந்த ஏரியின் வண்டுகள் என்று எழுதிவிடுவதும் தவறு. வயலிலிருந்தும் சாணக் குவியலிலிருந்தும்கூட வண்டுகள் விளக்குக்குப் பறந்து வரும்.

ராஜஸ்தானின் சாம்பர் ஏரியைப் பற்றிப் படித்ததை அப்படியே நம் ஊருக்கு ஒட்டவைக்கவும் வேண்டாம். 1990-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அது உண்மையான உப்பு ஏரி. நம் ஏரியோரமோ ஐப்பசி மழையில் நன்னீர், சித்திரையில் உவர். ஒரே ஒருநாள் போய்ப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்ட, குடிநீருக்கு வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டரே போதும், ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துவையுங்கள்.

நிலத்தையும் நீரையும் சீர்படுத்துகிறோம் என்ற பெயரில் நடக்கும் சேதம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், லிங்கன் நகரையொட்டிய உள்நாட்டு உப்புச் சதுப்புகளில் மட்டுமே வாழ்வது சால்ட் க்ரீக் புலி வண்டு. நகரம் விரிந்தது, சதுப்புகள் வடிக்கப்பட்டன, ஓடையை நேராக்கி ஆழமாக்கினார்கள். அந்தப் பகுதியின் உப்புச் சதுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 2005-இல் அந்த வண்டு அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

நாமும் அதையேதான் செய்கிறோம். ஜேசிபி வைத்துக் கரையைச் செங்குத்தாக வெட்டினால் சரிவான சேற்று விளிம்பே இல்லாமல் போகும். வளைக்குள் இருக்கும் புழுவால் எழுந்து ஓட முடியாது. சில புலி வண்டுகளுக்குப் புழுப் பருவமே ஒரு வருடத்துக்கு மேல் நீளும். தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டல் மண் நம் வயலுக்கு வேண்டும், ஏரியில் தண்ணீரும் நிற்க வேண்டும். ஒரு பக்கச் சரிவை அந்த வருடம் தொடாமல் விட்டு, அடுத்த முறை மற்றப் பக்கத்தை எடுக்கலாமே. சீமைக்கருவேலத்தை அகற்றுங்கள், அது நல்ல வேலை. ஆனால் காலியான வெளுத்த மண்ணில் உடனே மரக்கன்று நட்டு நிழலாக்கிவிடாதீர்கள்.

கடைசியாக, பெயர். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து இனத்தின் பெயரை அடித்துச் சொல்லாதீர்கள். ‘புலி வண்டு, ஏரியின் கீழ்க்கரை, ஈரச் சேறு’ என்று எழுதி, தேதியையும் டிடிஎஸ் அளவையும் சேர்த்தாலே பின்னால் வருகிற ஆய்வாளருக்கு அது பயன்படும்.