வாடைக்காலத்தில் வடகரை வீதியால் ஒரு நாள்: முதன்முறை புறப்படுபவர்களுக்கான செய்முறை

யாழ்ப்பாண நகரிலிருந்து கீரிமலைக்குப் போய், அங்கிருந்து கிழக்கு நோக்கிப் பருத்தித்துறை வரை சென்று, மணற்காட்டையும் பார்த்துவிட்டு வல்லை வழியாக வீடு திரும்பும் பயணத்தை, மோட்டார் சைக்கிளில் முதன்முறை புறப்படுபவருக்காக இங்கு எழுதுகிறேன். தூரம் நூறு கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. காற்றையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்காமல் போவதுதான் இந்த வீதியில் பலர் விடும் பிழை.

படி 1: நாளைத் தெரிவு செய்தல்

எங்கள் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து முடிந்துவிடும். ஆகவே மார்கழியின் கடைசி நாட்களிலிருந்து தை முடியும் வரையான காலம் புதியவருக்கு ஏற்றது. வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகியிருப்பதாக வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருந்தால், அன்று வெயில் எறித்தாலும் பயணத்தைத் தள்ளி வையுங்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா நடைபெறுவதால் அந்தப் பக்கத்து வீதிகளில் சனம் நிறைந்துவிடும். பட்டம் பார்ப்பதே நோக்கமென்றால் போகலாம், பயணம் நோக்கமென்றால் வேறு நாள் பாருங்கள்.

படி 2: வண்டியும் பொதியும்

முதல் நாள் மாலையே ரயர்களின் காற்றையும் பிறேக்கையும் பார்த்து, பெற்றோலை நிரப்பிவிடுங்கள். மழைக்கோட்டு, மாற்றுடை, துவாய், கண்ணாடி மூடியுள்ள தலைக்கவசம் ஆகியவை போதும். உப்புத் தூவானம் கண்ணில் படும்போதுதான் அந்தக் கண்ணாடியின் அருமை தெரியும். கைத்தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

படி 3: விடியலில் புறப்பட்டுக் கீரிமலையில் நிற்றல்

ஐந்தரை மணியளவில் புறப்படுங்கள். திருவெம்பாவைக் காலமாயின், சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும் ஒழுங்கைகளைத் தாண்டியே காங்கேசன்துறை வீதியில் ஏறுவீர்கள். பஜனைக்காரர் இருட்டில் வீதியைக் கடப்பார்கள் என்பதால் மெதுவாக ஓட்டுங்கள். மாவிட்டபுரத்தில் இடப்பக்கம் திரும்பினால் கீரிமலை.

மேற்கிலிருந்து கிழக்குக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வீதியின் இடப்பக்கமாக ஓடுகிறவர்கள். கிழக்கே போகும்போது கடலும் இடப்பக்கமே இருப்பதால், விரும்பிய இடத்தில் எதிர்வாகனங்களைக் குறுக்கிடாமல் ஒதுங்கி நிற்கலாம். தாழ்ந்திருக்கும் காலைச் சூரியன் முகத்தில் அடிக்கும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் எட்டரை மணி வரை கீரிமலையில் நிற்கச் சொல்கிறேன்.

இந்தப் பயணத்தில் நீராடக்கூடிய இடம் கீரிமலைக் கேணி ஒன்றே. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் அதன் வெடிப்புகளால் இறங்கி, கீழே உள்ள உப்புநீருக்கு மேல் மிதந்து, கரையோரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. மார்கழியில் கேணிப்படியில் நின்று பாருங்கள்: மதிலுக்கு அப்பால் வாடைக்காற்று கலக்கிய கடல் மோதி, தூவானம் முகத்தில் உப்பாகப் படும், காலடியில் உள்ள நீரோ அசையாமல் அடிக்கல் தெரியக் கிடக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. ஈழத்தின் ஈச்சரங்களில் ஒன்றான நகுலேச்சரம் அருகிலேயே இருப்பதால், குளித்து உடைமாற்றிக் கும்பிட்டுவிட்டுப் புறப்படலாம்.

படி 4: காங்கேசன்துறையிலிருந்து தொண்டைமானாறு வரை

துறைமுகத்தையும், 1990 முதல் ஓய்ந்து கிடக்கும் சீமெந்து ஆலையையும் பார்த்துக்கொண்டு மயிலிட்டி வரை போகலாம். படையினரின் பாதுகாப்பு வலயத்துக்குள் பல ஆண்டுகள் அடைபட்டிருந்த மயிலிட்டித் துறை 2017 இல்தான் மக்களிடம் திரும்பியது. அதற்குக் கிழக்கே பலாலி விமான நிலையமும் படையினர் வசமுள்ள காணிகளும் இருக்கின்றன. இந்த இடத்தில் தொலைபேசி வரைபடத்தை நம்பிக் கரையோரமாகவே போக முயலாமல், தெல்லிப்பழைக்குத் திரும்பி அச்சுவேலி ஊடாகத் தொண்டைமானாற்றுக்கு வருவது புதியவருக்குச் சிக்கலில்லாத வழி. அறிவித்தல் பலகை உள்ள இடங்களில் கமராவை வெளியே எடுக்காதீர்கள்.

மதியத்தில் தொண்டைமானாற்றிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் நில்லுங்கள். அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்றவனின் வாசலில், மடத்தில் பந்தியில் அமர்ந்து சாப்பிடுவதை விட்டுக் கடை தேடுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

படி 5: வல்வெட்டித்துறை, பருத்தித்துறை

நாள் முழுவதிலும் கடலுக்கு மிக நெருங்கி ஓடுவது இந்தத் துண்டில்தான். ஒரு பக்கம் வீடுகளும் கோயில்களும், மறுபக்கம் கல்லுக்கரை. சோழகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், அடங்கிக் கிடக்கும் இதே கடல் வாடையில் பழுப்பு நிறமாகிக் கொந்தளிக்கும். படகுகளைக் கரையில் உயர இழுத்து வைத்திருப்பார்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்றது என்பதை, அந்தக் கரையில் நின்று நினைத்துப் பாருங்கள். ஈரமான பாறைகளில் பாசி வழுக்கும். படத்துக்காக விளிம்பு வரை போக வேண்டாம், குளிக்க இறங்கவே வேண்டாம். இலங்கையின் வடமுனையான சக்கோட்டை முனையைத் தாண்டினால் பருத்தித்துறை வந்துவிடும். அங்கே தட்டைவடையை இரண்டு பைக்கற்றாக வாங்குங்கள். ஒன்று வீட்டுக்கு வந்து சேராது.

படி 6: மணற்காடு

பருத்தித்துறையுடன் கரை தென்கிழக்காக வளைய, கல் மறைந்து மணல் தொடங்கும். வல்லிபுர ஆழ்வார் கோயிலைக் கடந்து போனால் மணற்குன்றுகளும் சவுக்குத் தோப்பும், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடும் உள்ளன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பலரைக் காவுகொண்ட கரை இது. டிசம்பர் 26 இல் போக நேர்ந்தால் நினைவுநாள் நிகழ்வுகளுக்கு இடையூறாக நிற்காதீர்கள்.

தார் வீதி முடியும் இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போங்கள். மேல் மணல் மழையில் இறுகியிருப்பதைப் பார்த்து நான் ஒருமுறை உள்ளே ஓட்டினேன். இருபது யார் தூரம் போனதும் பின்சில்லு அச்சு வரை இறங்கிவிட்டது. அக்சிலேற்றரை முறுக்க முறுக்க இன்னும் புதைந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எழுந்து வந்து, “என்ஜினை நிப்பாட்டு தம்பி” என்று சொல்லி, ரயரில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டு, சில்லுக்கு முன்னால் சவுக்குக் கொப்புகளைப் பரப்பித் தள்ளிவிட்டார். காற்றுக் குறைந்த ரயருடன் பருத்தித்துறை வரை ஊர்ந்து வந்தேன்.

படி 7: திரும்புதல்

ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும் என்பதால் நாலரைக்கு மணற்காட்டை விட்டு வெளிக்கிடுங்கள். நெல்லியடி தாண்டியதும் வரும் வல்லை வெளியில் மரமும் மதிலும் இல்லை. வாடை பக்கவாட்டில் தள்ளும். வேகத்தை நாற்பதுக்குக் குறைத்து, இரு கைகளாலும் பிடியைத் தளரவிடாமல், வீதிக் கரையை விட்டுச் சற்று உள்ளே ஓட்டுங்கள். இருட்டிய பிறகு வீதியில் மாடுகளும் படுத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பைப் பாராமல் கிணற்று நீரால் வண்டியைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால், இரவோடு இரவாக உப்பு அதில் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.