பணம் கட்டிவிட்டு மனு எழுதாதீர்கள்

வட சென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம், வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அரசு உதவி தேடும் நோயாளிகளுக்கு மனு எழுதிக் கொடுக்க இப்போது இளைஞர்கள் நிறைய பேர் வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் இடறிய படியிலேயே அவர்களும் இடறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கையெழுத்து விட்டுப்போனது, ஜெராக்ஸ் மங்கலானது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். பெரிய இடறல்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கட்டுவது, பிறகு கேட்பது

காசிமேட்டுக் குடும்பம் ஒன்று நகையை அடகு வைத்து வெளிநாட்டு மருத்துவமனைக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டு, ரசீதோடு வந்து நின்றது. "பில்லு இருக்குதுல்ல சார், துட்டு வந்துடாதா?" வராது. மனு எழுதித் தரக் கூட வந்த தம்பிதான் "கட்டிடுங்க, அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்றிருக்கிறார். தனியார் இன்சூரன்ஸ் பழக்கம்.

ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி என்ற மத்திய அரசின் மருத்துவ உதவித் திட்டம் ஏற்கெனவே செலவழித்ததைத் திருப்பித் தராது. அது வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, இங்குள்ள அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு. அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில் 50 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அதற்கென அரசு அறிவித்த உயர்சிறப்பு மருத்துவ மையத்தில் பதிய வேண்டும், பணமும் அந்த மையத்துக்குத்தான் போகும். ரசீதைக் காட்டிக் காசு வாங்கும் கவுன்ட்டர் இந்தத் திட்டங்களில் இல்லை. தம்பி தெரியாமல் சொன்னார், போகட்டும். "கவர்மென்ட் குடுத்துடும்" என்று ஆசை காட்டிக் அந்தக் குடும்பத்திடம் கமிஷன் அடித்த வெளிநாட்டுச் சிகிச்சை ஏஜெண்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வட்டி கட்டுவது யார்? அந்த வீட்டுப் பெண்கள்.

"இந்தச் சிகிச்சை இங்கே இல்லை" என்று யார் சொன்னது?

ஏஜெண்ட் சொன்னால் செல்லாது. அரசு மருத்துவமனை நிபுணரிடம் எழுதி வாங்குங்கள். ராயபுரத்துக்காரர் ஒருவர் கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சைக்கு வெளிநாட்டு எஸ்டிமேட் வைத்திருந்தார். அது அவர் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே நடக்கிறது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். கடல் தாண்டாது.

ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ஊழியரா?

அரசு ஊழியருக்கு ஆரோக்கிய நிதி கிடையாது. துறையில் கேட்கட்டும், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்.

ஆள் போகணுமா, மருந்து வந்தால் போதுமா?

இதை மருத்துவரிடம் கேட்பவர் குறைவு. முன்னே சொன்ன அரிய நோய்க் கொள்கைப் பட்டியலில் உள்ள நோய்களுக்குச் சொந்த உபயோகத்துக்காக வரவழைக்கும் மருந்துக்கு 2023 ஏப்ரல் முதல் அடிப்படைச் சுங்கவரி இல்லை. சுகாதாரப் பணிகள் இயக்குநரிடமோ மாவட்ட மருத்துவ அதிகாரியிடமோ அதற்கான சான்று வாங்க வேண்டும். பார்சல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு சான்றுக்கு அலைந்தால், குளிரில் வைக்க வேண்டிய மருந்து அங்கேயே கெட்டுப்போகும்.