படிவம் 1ஏ-வில் கையெழுத்துப் போடும் முன்

நாற்பதைத் தாண்டியவர் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்க வந்தால் படிவம் 1ஏ என்ற உடல்தகுதிச் சான்றில் டாக்டர் கையெழுத்து வேண்டும். வந்து நிற்பவர் எழுபது வயதுக்காரர் என்றாலும், புதிதாக கிளினிக் போட்ட பிள்ளைகள் அந்தக் காலத்தில் நாங்கள் செய்ததையேதான் செய்கிறார்கள். கண் அட்டையைப் படிக்கச் சொல்லி, பிரஷர் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறார்கள். 55 தாண்டியவருக்கு அந்த லைசென்ஸ் 5 வருஷம் ஓடும். இதில் நடக்கும் நான்கு தவறுகள் கீழே.

மாத்திரைப் பையைப் பிரிக்காதது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பு பச்சை பிரிகிறதா, காது கேட்கிறதா என்று படிவம் கேட்கும். காலையில் என்ன மாத்திரை போட்டார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிடும் பெரியவர் ஒருவர். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னதால் காபிகூடக் குடிக்கவில்லை, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். லேபில் கூட்டம். திரும்பும்போது ஸ்கூட்டர் கோணலாகப் போய் நடுத்திட்டில் ஏறியது. "காலையிலேயே தண்ணி" என்றார்கள் கூடி நின்றவர்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, ரத்தச் சர்க்கரை 48-க்கு இறங்கியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவருக்குச் சான்று கொடுத்தவர் கண், காது, கை கால் எல்லாம் ஒழுங்காகத்தான் பார்த்திருந்தார்.

"என்ன மாத்திரை?" என்றால் "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு" என்பார்கள். தூக்கத்துக்குப் பாதி அல்பிரசோலம், கடையில் வாங்கிய சளி மாத்திரை, புராஸ்டேட்டுக்கு இரவில் போடுவது இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பையைக் கொண்டுவரச் சொல்லி மேஜையில் கொட்டுங்கள். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் இருந்தால், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், மிஞ்சுவது வியர்வைதான். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை உடம்பைவிட்டு லேசில் போகாது.

கண் அட்டையில் 6/6 (முழுப் பார்வை) என்றதும் திருப்தி அடைவது

கிளாகோமா என்ற கண் நரம்பு நோயில் ஓரப்பார்வை முதலில் போகும், நேர்ப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். எதிரில் உட்கார்ந்து, பக்கவாட்டில் விரலை ஆட்டிப் பாருங்கள். கழுத்து திரும்புகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மகனிடம் மட்டும் கேட்பது

வண்டி ஓட்டுபவர் மகன் இல்லை.

"இனி ஓட்டாதீங்க" என்று அனுப்பிவிடுவது

சரி, அடுத்த மாதம் கண் ஊசிக்கு எப்படி வருவார்? வண்டி நின்றதும் சிகிச்சையும் நின்றுபோனவர்கள் உண்டு. பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், யார் கூட வருவார் என்று அப்போதே பேசி முடியுங்கள். அப்புறம், சிலருக்கு மருந்தை மாற்றினாலே போதும், மறுபடி ஓட்டலாம். அவர்களுக்கு மறுபரிசோதனைத் தேதியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.