கறுத்த வெள்ளிக் காசை என்ன செய்யக்கூடாது?

போலி வாங்காதே, விசாரிக்காமல் விலை பேசாதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இராமநாதபுரம் கடலோரத்தில் வெள்ளி நினைவு நாணயம் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் கோட்டைவிடுவது வேறு இடங்களில்.

தேய்ப்பது

தாத்தா பெட்டியிலிருந்து 1969 காந்தி பத்து ரூபாய் கிடைக்கும். கறுத்திருக்கும். உடனே புளி, விபூதி, பற்பசை என்று கிளம்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் நகைப்பட்டறையில் கொடுத்து ஆசிட்டில் முக்கி வாங்கிவருவார்கள். வியாபாரி அதை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துவிட்டு எடைக்கு உள்ள விலையைச் சொல்வார். "பளிச்சுன்னுதானே இருக்கு?" என்ற கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

அச்சு விழும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளை விட்டுச் செல்லும். காசைச் சாய்த்தால் சக்கரமாகச் சுற்றும் ஒளி அந்த வரிகளால் வருவது. தேய்த்தால் வரிகள் அழிந்து, உருவத்தின் கன்னமேட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழும். திரும்ப வராது. கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் பட்டு மேலே படிந்த மெல்லிய படலம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

உப்புதான் இங்கே நிஜமான எதிரி. 1980களின் நூறு ரூபாய் நாணயங்களில் வெள்ளி 50 சதவீதம்தான். செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. கடற்காற்று பட்டால் அந்தச் செம்பு பச்சை பூக்கும். உப்புப் பிடித்திருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, தண்ணீரை நாலைந்து முறை மாற்றுங்கள். மண்டபம் ஊரின் உப்பு போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பை ஏற்றியதாகும். பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணத்தில், அடுப்பங்கரைக்கு வெளியே. நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது, அதில் வேறு சரக்கெல்லாம் கலந்திருக்கும்.

பெரிய காசில் வெள்ளி அதிகம் என்று நம்புவது

1969 பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீத வெள்ளி: 12 கிராம் தேறும். 1972 சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாய் 22.5 கிராம், கையில் கனமாக இருந்தாலும் பாதிதான் வெள்ளி, 11.25 கிராம். 1974 பத்து ரூபாயில் வெள்ளியே கிடையாது, செம்பு-நிக்கல். வெள்ளியைப் போலவே அதிலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனையை மட்டும் நம்பி ஏமாறுகிறார்கள். 0.01 கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். காந்தி ஒரு ரூபாயோ நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பி.வி.சி. உறை

வேண்டாம். நாளாவட்டத்தில் பச்சையாகக் கசிந்து காசில் ஒட்டும். மைலார் எனும் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

ரப்பர் பேண்ட்

அதிலும் கந்தகம், காசைக் கறுக்கவைக்கும்.

காசை வைத்து ஸ்டேப்ளர் அடித்த அட்டை

பின் துருப்பிடிக்கும், நம்மூரில் சீக்கிரமே.

சிலிக்கா ஜெல்லைப் போட்டு மறந்துவிடுவது

ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறியபின் அது வெறும் மணல். மிதமான சூட்டில் காயவைத்து, ஆறியதும் திரும்பப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விருந்தாளிக்குக் காட்ட டப்பாவைத் திறக்காதீர்கள். உள்ளே போகும் ஈரத்தை டப்பாவின் மூடி வெளியே விடாது.